கைப்பேசிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் தேக்காப் பக்கம் போய் வந்த நேயர்களுக்கு அந்தக் காட்சியை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதையில் கால் வைக்க இடம் இராது. பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை நிற்கும். ஆனால் அதே சுவரில் சாய்ந்துகொண்டு, வரிசையில் சேராமல், கைப்பேசியின் கண்ணாடியை விரலால் தொட்டே ஊருக்குப் பணம் அனுப்பிவிடுகிற இளைஞர்களையும் இப்போது பார்க்கலாம். ஒருவர் புதுக்கோட்டைக்காரராக இருப்பார். இன்னொருவர் ஜொகூரில் நம் தோட்டத்து லயத்தில் பிறந்து, பாலம் தாண்டி வேலைக்கு வந்தவராக இருப்பார்.

விரல் பட்டது, கணக்கில் நூறு வெள்ளி குறைந்தது. ஆனால் அந்தக் கணக்கு கைப்பேசிக்குள் இல்லை. அது வங்கியின் கணினியில், நாம் ஒருநாளும் கண்ணால் பார்க்கப்போகாத ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கிறது. கைப்பேசி இங்கே, கணக்குப் புத்தகம் அங்கே. இரண்டுக்கும் நடுவே எந்த மாதிரி வழி போடுவது, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, தவறாகத் தேர்ந்தெடுத்தால் யாருக்கு நட்டம் என்பதையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது கணினிக்காரர்களின் விஷயம், நமக்கு ஏன் என்று சிலர் நினைக்கலாம். நம் சம்பளமும் மருந்துச் சீட்டும் அந்தப் புத்தகங்களில்தான் எழுதப்படுகின்றன. அதோடு, நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று இந்தச் செயலிகளை எழுதுகிற வேலைக்கே படிக்கிறார்கள்.

தோட்டத்து ஆபீசை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். முன்னாளில் அங்கே செக்ரோல் என்று ஒரு பெரிய புத்தகம் இருக்கும். யார் எத்தனை நாள் பெயர் போட்டார்கள், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில்தான். அந்தப் புத்தகத்திலிருந்து செய்தி வெளியே வர எத்தனை வழிகள் இருக்க முடியும்? ஆபீஸ் கதவைத் திறந்துவிட்டு, வேண்டியவர் உள்ளே வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். கதவைச் சாத்திவிட்டு ஒரு சன்னலை மட்டும் வைத்து, கேட்பவருக்குக் கிராணியார் பார்த்துச் சொல்லட்டும் என்று வைக்கலாம். இல்லையென்றால் மண்டோர் கையில் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, வேலைக்காட்டில் அதில் குறித்துக்கொண்டு மாலையில் ஆபீசுக்கு வந்து பெரிய புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். கைப்பேசிச் செயலியை ஒரு நிறுவனத்தின் தரவோடு இணைப்பதற்கு இன்றைக்கும் உள்ள வழிகள் இவைதாம். பெயர்கள் மாறியிருக்கின்றன, வழிகள் மாறவில்லை.

முதல் வழி, அதாவது செயலியை நேரே பேரேட்டோடு இணைத்துவிடுவது, செய்வதற்கு எல்லாவற்றிலும் சுலபம். ஒரு சிறு நிறுவனத்தில் ஒரு பையனிடம் கொடுத்தால் சில நாட்களில் செய்து காட்டிவிடுவான். முதலாளிக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பேரேட்டைத் திறக்க ஒரு சாவி வேண்டும். நேரே இணைப்பதென்றால் அந்தச் சாவியைச் செயலிக்குள்ளேயே வைத்தாக வேண்டும். செயலியோ ஆயிரம் பேர் கைப்பேசிகளில் போய் உட்காரப்போகிறது. பூட்டிய பெட்டியை ஒருவர் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, உள்ளே சாவி இருக்கிறது, திறக்காதீர்கள் என்று சொல்வது போன்றது இது. செயலியைப் பிரித்து உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகில் நிறைய இருக்கிறார்கள். அதற்கான கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவன் சாவியை எடுத்தால் போதும், தன் பக்கத்தை மட்டுமா பார்ப்பான்? முழுப் புத்தகமும் அவன் கையில்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு நடந்ததை நேயர்கள் செய்தியில் கேட்டிருக்கலாம். சிங்ஹெல்த் என்னும் பொது மருத்துவக் குழுமத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து, சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துச் சென்றார்கள். அவர்களில் சுமார் 1,60,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை இந்த எடுப்பு நடந்தது. கணினி நிர்வாகிகளில் ஒருவர் வழக்கத்துக்கு மாறான கேள்விகள் பேரேட்டுக்குப் போவதைக் கண்டுதான் அதை நிறுத்தினார்.

இது கைப்பேசிச் செயலி வழியாக நடந்ததன்று; அதை நாம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாடம் ஒன்றேதான். ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியிடப்பட்டது. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இருந்த சில கணினிகளிலிருந்து நோயாளிகளின் பேரேட்டுக்கு நேரான ஒரு தொடர்பு திறந்தே இருந்ததையும், புகுந்தவர்கள் அந்த வழியாகவே பேரேட்டிடம் கேள்வி கேட்டதையும் அக்குழு எடுத்துக்காட்டியது. அந்தத் தொடர்பு ஏன் இருந்தது? நிர்வாகக் கருவிகள் சிலவற்றைப் பயன்படுத்துவதற்காக வைத்திருந்தார்கள். அப்படி வைத்திருக்க அவசியமே இல்லை என்பது குழுவின் முடிவு. அதாவது யாருடைய வசதிக்காகவோ சாத்தாமல் விட்ட கதவு. அதே ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், கணினிப் பணிகளைக் கவனித்த நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும் அபராதம் விதித்தது. அபராதம் கட்டியாகிவிட்டது. ஆனால் வெளியே போன பிறந்த தேதியை யாராலும் மாற்றிக்கொள்ள முடியாதன்றோ?

நேர்வழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பேரேட்டில் ஒரு பத்தியை இடம் மாற்றி வைத்தால், பழைய செயலியை வைத்திருக்கும் அத்தனை கைப்பேசிகளும் ஒரே நாளில் தடுமாறும். எல்லாரும் உடனே புதிய செயலியை இறக்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

ஆகவே பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் சன்னல் முறைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. கணினிக்காரர் இதை ஏபிஐ என்பார்கள். கேள்வியை எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவத்தில் வரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் ஒப்பந்தம் அது. கேட்பவர் யார் என்று சன்னலில் இருப்பவர் பார்ப்பார்; கேட்கத் தகுதி உண்டா என்று பார்ப்பார்; பிறகு உள்ளே போய், கேட்டதை மட்டும் எடுத்து வந்து கொடுப்பார். உள்ளே புத்தகத்தை எப்படி அடுக்கி வைத்திருந்தாலும் வெளியே நிற்பவருக்குக் கவலை இல்லை.

தேக்காச் சந்தைக்கு எதிரே பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் நாள்தோறும் இந்தச் சன்னலைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. அதைக் கைப்பேசியில் கொடுத்தால், அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும், உட்கார இடம் இருக்கிறதா, நிற்கத்தான் முடியுமா என்பது பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் தெரியும். நிலப் போக்குவரத்து ஆணையம் தன் தரவை டேட்டாமால் என்ற பெயரில் சன்னல் வழியாகத் தருகிறது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து ஒரு திறவு எண்ணைப் பெற்று, தம் செயலியில் அதைக் காட்டலாம். பேருந்தின் நேரத்தைப் படிக்கலாம், மாற்ற முடியாது. அந்தத் திறவு எண் களவு போனாலும் பெரிய மோசம் இல்லை, வேறு எண் கொடுத்தால் தீர்ந்தது.

ஆளைப் பற்றிய விவரம் என்றால் சன்னலில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். சிங்கப்பூரில் மைஇன்ஃபோ என்ற ஏற்பாடு 2016இல் வந்தது. வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் பெயரும் முகவரியும் நாம் எழுதித்தர வேண்டியதில்லை. அரசாங்கத்திடம் இருக்கும் குறிப்பிலிருந்தே அவை வரும். ஆனால் எந்தெந்த விவரம் வங்கிக்குப் போகிறது என்ற பட்டியலைத் திரையில் காட்டி, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். அவசரத்தில் படிக்காமலே சம்மதம் என்று தொட்டுவிடுகிறோமே, அந்தப் பட்டியலைத்தான் சொல்கிறோம்.

பணம் அனுப்புவதும் சன்னல் வழியேதான். 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநௌ முறையும் இந்தியாவின் யூபிஐ முறையும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அனுப்புவோருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 17இல் மலேசியாவின் டூயிட்நௌ முறையோடும் இணைப்பு வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, எந்த நாட்டு வங்கியும் தன் பேரேட்டை அடுத்த நாட்டு வங்கிக்குத் திறந்துவிடவில்லை என்பதுதான். இவர் சன்னலிலிருந்து அவர் சன்னலுக்கு ஒரு செய்தி போகிறது. அவரவர் புத்தகத்தை அவரவரே திருத்திக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, தேக்காவில் தலைக்குத் தலை கைப்பேசி, அலைவரிசை திணறுகிறது. அனுப்பு என்று தொட்டாயிற்று. பதில் இல்லை. பணம் போயிற்றா, போகவில்லையா? பதறிப்போய் மறுபடியும் தொடுகிறோம். இருநூறு வெள்ளி நானூறாகப் போய்விடாதா? நன்றாகச் செய்த செயலியில் அப்படி ஆகாது. ஒவ்வோர் அனுப்புதலுக்கும் கைப்பேசியே ஒரு தனி எண்ணைப் போட்டுவிடும். இரண்டாம் முறை தொடும்போதும் அதே எண்தான் போகும். சன்னலில் இருப்பவர், இந்த எண்ணுக்கு ஏற்கெனவே வேலை முடிந்தது என்று பழைய பதிலையே திருப்பித் தருவார். பால் நிறுக்கும் இடத்தில் சீட்டுக்கு நம்பர் போட்டதன் காரணமும் இதுவே. இந்த எண்ணைப் போட மறந்த செயலியில் வரும் தொல்லை சாதாரணமானதன்று; ஒரு மாதச் சேமிப்பே சிக்கிக்கொள்ளும்.

சன்னலுக்கும் குறை இருக்கிறது. சன்னல் மூடினால் எல்லாமே நின்றுவிடும். 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பு. சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி அறை சூடேறியது; டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் தடைப்பட்டன. சுமார் 25 லட்சம் பணப் பட்டுவாடாக்களும் ஏடிஎம் பரிமாற்றங்களும் நிறைவேறவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கணக்கில் பணம் இருந்தது. கேட்க இடமில்லை.

அப்படியானால் சன்னல் இல்லாத இடத்தில், அலைவரிசையே எட்டாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் மண்டோர் நோட்டு வருகிறது. கைப்பேசிக்குள்ளேயே ஒரு சிறு பிரதியை வைத்துக்கொண்டு அதில் எழுதிக்கொள்வது. தொடர்பு கிடைத்ததும் பெரிய பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது. சிங்கப்பூரில் சுரங்க ரயில் வேலை நடக்கும் ஆழத்திலும், செம்பனைத் தோட்டத்தின் பள்ளத்திலும் இது இல்லாமல் முடியாது.

இந்த வழியின் சங்கடம் ஒத்துப் பார்க்கும் நேரத்தில்தான் வெளிப்படும். மேற்பார்வையாளர் கைப்பேசியில் ஒருவருக்கு இன்று மிகைநேரம் 3 மணி என்று இருக்கிறது. அதற்குள் ஆபீசில் யாரோ 2 மணி என்று எழுதிவிட்டார்கள். எதை ஏற்பது? கடைசியாக எழுதியதே செல்லும் என்று ஒரு விதியைப் பல செயலிகளில் வைத்துவிடுகிறார்கள். எழுதுவதற்கு எளிதான விதி. ஆனால் அதனால் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் காணாமல் போகும். முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றுக்கு அந்த விதி போதும். கூலிக்கு அது ஆகாது என்பதே நம் கருத்து. பழையதை அழித்துப் புதியதை எழுதக்கூடாது. இரண்டையும் வரிசையாக நிறுத்தி, யார் எப்போது எழுதியது என்ற குறிப்போடு வைத்து, முரண்பட்டால் ஒரு மனிதர் பார்த்துத் தீர்க்க வேண்டும். கிராணியார் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அடித்ததும் தெரியும்படி விட்டது இதற்காகத்தான்.

கைப்பேசியிலேயே தரவை வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு: தேவை வரும்வரை அது வெளியே போக வேண்டியதில்லை. கோவிட் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, சிங்கப்பூர் அரசு டிரேஸ்டுகெதர் என்ற செயலியைக் கொண்டுவந்தது. யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அது புளூடூத் மூலம் அவரவர் கைப்பேசியிலேயே குறித்து வைத்தது; 25 நாட்களில் தானே அழித்தது. நோய் கண்டவர் மட்டுமே தம் நோட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல தேர்வே. ஆனால் 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டபோது மக்களிடையே மனவருத்தம் எழுந்தது. மறுமாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் என்று வரம்பிட்டுச் சட்டம் இயற்றினார்கள். 2023இல் அந்த ஏற்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது. தரவு எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. யார் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதிலைக் கணினி எழுதித் தராது.

இனி ஒரு கட்டுமானக் குத்தகை நிறுவனம் தன் ஆட்களுக்கு ஒரு செயலி செய்யப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை நேரம் பதிய வேண்டும். சம்பளச் சீட்டுக் காட்ட வேண்டும். மருத்துவரிடம் போன விவரமும் வேண்டும். ஒரே வழியில் மூன்றையும் இணைத்துவிடலாம் என்று விற்பனைக்கு வருகிறவர் சொல்வார். நாம் அப்படிச் செய்யமாட்டோம். நேரம் பதிவது சுரங்கத்தில். அதற்கு நோட்டு முறையே பொருந்தும், ஆனால் நோட்டில் அன்றைய ஆட்களின் பெயரும் நேரமும் மட்டும் இருந்தால் போதும். கைப்பேசி தொலைந்துபோகிற பொருள். தொலைந்த கைப்பேசியில் ஐந்நூறு பேரின் அடையாள எண்ணும் சம்பளமும் இருக்க வேண்டிய அவசியம் என்ன? இருப்பதையும் பூட்டெழுத்தில் வைக்க வேண்டும். சம்பளச் சீட்டுக்குச் சன்னல். நேற்றைய பிரதி அங்கே உதவாது, சரியான தொகையைப் பேரேட்டிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். மருத்துவ விவரத்தையோ செயலியில் சேர்க்காமல் விடுவதே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாளிக்கு விடுப்பு நாட்களின் எண்ணிக்கை போதும். நோயின் பெயர் வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு முதலாளி விவரமான சம்பளச் சீட்டுத் தர வேண்டும். மிகைநேரம் எத்தனை மணி என்பது அதில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் வேலைநேர விதிகள் பொருந்துகிறவர்களுக்கு அந்த மணிகளுக்கு ஒன்றரைப் பங்கு ஊதியம் உண்டு. ஆகவே நேரம் பதியும் செயலியில் நாம் இன்னொன்றும் கேட்போம். மேற்பார்வையாளர் பதிந்ததும் அதே பதிவின் ஒரு பிரதி, உழைத்தவரின் கைப்பேசிக்கும் தேதியோடு போய்ச் சேர வேண்டும். ஆபீசில் பிறகு திருத்தினால் அந்தத் திருத்தமும் போக வேண்டும். மாதக் கடைசியில் சீட்டு வரும்போது, அந்தப் பையன் தேக்காவில் தேநீர்க் கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வான்.